நிறுத்திய முதல் நான்கு நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியை விடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மனவுறுதி இருந்தால் இன்றே நிறுத்திவிடலாம் என்கிறது. எப்போதாவது குடிப்பவருக்கு அது சரி. காலையில் கை நடுக்கம் அடங்கவே ஒரு வாய் ஊற்றிக்கொள்கிறவர் இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தினால் உயிரே போகலாம்.

மது மூளையை மந்தப்படுத்துகிறது. தினமும் குடித்தால் மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மது திடீரென நின்றாலும் கூட்டிய வேகம் உடனே இறங்காது. 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். முன்பு வலிப்பே வராதவருக்கும் வரலாம். ஒரு நாள் தாண்டியதும் 'கண்டம் கழிந்தது' என்று வீட்டார் அசந்து தூங்குவார்கள். ஆனால் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடும் சித்தக்குழப்பம் தலைகாட்டுவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். இரவா பகலா என்று தெரியாது, இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார், உடம்பு கொதிக்கும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று கட்டிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே மூளையின் வேகத்தைத் தணிக்கும் டயஸிபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு மருந்தைக் கொடுத்து, அளவை நாளுக்கு நாள் குறைத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். இவற்றைத் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே குடித்தால் மூச்சு அடங்கிப்போகும்.

தெம்பில்லை, குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று வீட்டார் கேட்பது வழக்கம். நெடுநாள் குடிப்பவர் உடம்பில் தயமின் (பி1) ஏறக்குறைய வற்றியிருக்கும். குளுக்கோஸைச் செலவழிக்கத் தயமின் வேண்டும். அது போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்துவிடும். கண்மணி ஆடுவது, நடை தள்ளாடுவது, குழப்பம் இவை மூன்றும் தயமின் தீர்ந்துபோனதன் அடையாளம். பார்த்தால் போதை தெளியாதவர் மாதிரியே இருக்கும், அதனால் கவனிக்காமல் விடுவார்கள். தாமதித்தால் புதிதாக எதுவுமே மனதில் தங்காத மறதி நிரந்தரமாகிவிடலாம். இவர்கள் குடலில் தயமின் மாத்திரை சரியாக ஏறாது, ஊசிதான் நல்லது.

கட்டுரையின் பெட்டிச் செய்தியில் 'குடியை வெறுக்கவைக்கும் மாத்திரை' என்று டைசல்ஃபிராமைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்துகொடுக்கும் வீடுகள் உண்டு, அதையும் எச்சரித்திருக்கலாம். வெறுப்பு எதையும் அது உண்டாக்குவதில்லை. மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை உடம்பு கழிக்கவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். விஷயம் தெரியாதவர் வழக்கம்போலக் குடிப்பார். முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். கடைசி மாத்திரை போட்டு 14 நாள் வரைகூட இது நடக்கலாம். மது கலந்த இருமல் மருந்தே போதும்.

தினமும் குடித்துக் காலையில் கை நடுங்குகிறவர்கள், மருத்துவரைப் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்தாமல் இருப்பதே பத்திரம். குடிக்காதே என்று எழுதும் பத்திரிகைக்கு இது கசக்கும். ஆனாலும் அடுத்த இதழில் இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
போதை மீட்பு சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்