பட்டப்பகலில் நடக்கும் ஓர்லோக் பிரபு: ஓர் ஓடிடி நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய படத்தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் செயலியில் பழைய திகில் படங்களின் வரிசையில் 1922-இல் வெளியான ஜெர்மன் மௌனப் படம் ‘நொஸ்ஃபெராட்டு’ இருக்கிறது. அது பற்றி நானும் வேறு சிலரும் அனுப்பிய புகார்களும் உங்களிடம் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வந்தது: இணைய வேகத்தைச் சரிபார்க்கவும், செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவவும். செய்து பார்த்தோம். இரவில் மட்டும் நடமாட வேண்டிய அந்தப் படத்து ரத்தக்காட்டேரி ஓர்லோக் பிரபு இன்னும் பட்டப்பகலில்தான் நடந்து போகிறார்.

கேட்பது ஒன்றே ஒன்று. சாயமேற்றிய, சரியான வேகத்தில் ஓடுகிற, முறையாக மீட்டெடுத்த பிரதியைப் போடுங்கள். இப்போது இருப்பதை எடுத்துவிடுங்கள்.

பழைய படம்தானே, கருப்பு வெள்ளையில் இருந்தால் என்ன என்று உங்களில் யாராவது நினைக்கலாம். 1921-இல் இயக்குநர் முர்னாவ் இதை எடுத்தபோது தெருவில் இரவுக் காட்சியை இரவிலேயே எடுக்க வழியில்லை. அன்றைய பிலிமுக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டும். வடக்கு ஜெர்மனியின் விஸ்மர் நகரத் தெருக்களில் பகலில் எடுத்துவிட்டு, பிரதியைச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்பு என்றால் விடியல். அந்தக் காலத்துப் பார்வையாளருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் போட்டிருக்கும் பிரதியில் ஒரு பொட்டு நீலம் கிடையாது. ஓர்லோக் கப்பலிலிருந்து இறங்கி, தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் போகும் இடம் படத்தின் உயிர்நாடி. ஊர் உறங்குகிறது, சாவு உள்ளே நுழைகிறது. உங்கள் பிரதியிலோ காலை பத்து மணிக்கு வீடு மாற்றுகிற மனிதர்போல இருக்கிறார். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளையும் அவள் தோழிகளையும் உட்காரவைத்து, “நூறு வருஷத்துக்கு முந்தைய படம், பயந்துடுவீங்க” என்று பெருமையடித்துவிட்டுத்தான் போட்டேன். அந்த இடம் வந்ததும் அவள் கேட்டாள்: “மாமா, வெயில் பட்டா செத்துடுவாருன்னு சொன்னீங்களே, இவரு வெளிச்சத்துல ஜம்முனு போறாரே?” அப்புறம் சிரிப்பு அடங்கவேயில்லை. கடைசியில் சூரியன் எழுந்து ஓர்லோக் புகையாகக் கரைகிறபோதும் சிரித்தார்கள். அதுவரை வெயிலிலேயே திரிந்தவர் இப்போது மட்டும் ஏன் கரைய வேண்டும்? அவர்கள் கேட்டது நியாயம்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலாவுக்குப் பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். லண்டனில் பகலிலேயே நடமாடுவார். சூரிய ஒளி பட்டுச் சாகிற ரத்தக்காட்டேரி இந்தப் படம் தந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் எடுத்தாண்ட அந்த விதியைப் பிறந்த வீட்டிலேயே அர்த்தமில்லாமல் ஆக்கியிருக்கிறீர்கள்.

வேகமும் அப்படித்தான். நொடிக்கு 18 பிரேமில் 94 நிமிடம் ஓட வேண்டியதை 24 பிரேமில் ஓட்டினால் எழுபது நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் பட்டியலில் இருக்கும் நேரம் அதுதான். ஓர்லோக்கின் குதிரை வண்டி காட்டுக்குள் விருட்டென்று ஓடுவதை முர்னாவ் வேண்டுமென்றே வேகப்படுத்தினார். சுற்றிலும் எல்லாரும் மனித வேகத்தில் நடந்தால்தான் அது அமானுஷ்யமாகத் தெரியும். உங்கள் பிரதியில் கதாநாயகனே தந்தியடித்தது மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறான். இசையைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். ஹான்ஸ் எர்ட்மான் இந்தப் படத்துக்கென்றே இசை எழுதியவர். நீங்கள் தருவது ஒரே கீபோர்டுத் துண்டு, திரும்பத் திரும்ப. நடுநடுவே யாரோ ஒரு பெண்ணின் அலறல் வேறு. மௌனப் படத்தில்!

பெயர்களைச் சொன்னால் சிரிப்பு வருகிறது. நாவலின் உரிமை வாங்காமல் எடுத்ததால்தான் படத்தைத் தயாரித்த பிராணா நிறுவனம் டிராகுலாவை ஓர்லோக் ஆக்கியது (அப்படி மாற்றிவிட்டு, ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்று டைட்டிலிலும் போட்டுக்கொண்டது, அது தனிச் சாமர்த்தியம்). ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் திவாலானது. 1925-இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. உங்கள் பிரதியில் வசனம் காட்டும் எழுத்து அட்டைகளில் அவர் மறுபடியும் டிராகுலா பிரபு!

வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகளால்தான் படம் பிழைத்தது. பிரான்சின் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் இருந்த, 1922 காலத்துச் சாயமேற்றிய பிரதியை அடிப்படையாக வைத்து, முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா 2006 வாக்கில் முழுமையாக மீட்டுக் கொடுத்தார். நீதிமன்றம் அழிக்கச் சொன்ன படத்தை இத்தனை பேர் காப்பாற்றிவைத்திருக்க, சும்மா கிடைத்த ஒன்றை எடுத்து, மேலே ‘எச்டி’ என்று ஒட்டிச் சந்தா வசூலிக்க உங்களால் முடிகிறது. பாராட்டத்தான் வேண்டும்.

எங்களுக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது தெரியுமா? நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ என்ற மௌனப் படத்துக்கு ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லை. நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’வும் ஒரு நாவலைத் தழுவிய மௌனப் படம்தான். அதுவும் பதிப்புரிமை வழக்கில் மாட்டி முடங்கியது. பல பத்தாண்டுகள் கழித்துப் புனே ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் இன்றைக்கு இருக்கிறது. இருக்கிற படத்தின் அருமை இல்லாத ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இதையெல்லாம் உங்கள் தலையில் கட்டக் கூடாது, சரி.

கேட்க வந்ததை மறுபடி பணிவாகக் கேட்கிறேன். மீட்டெடுத்த பிரதிக்கு உரிமத் தொகை கட்ட வேண்டியிருக்கும். கட்டி வாங்கிப் போடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை இப்போதைய பிரதியின் பக்கத்தில் ‘சாயமற்ற, வேகம் மாறிய பிரதி’ என்று ஒரு வரி சேருங்கள். ‘எச்டி’ முத்திரையை இன்றைக்கே எடுத்துவிடலாம், அதற்குச் செலவே இல்லை. அடுத்த மாதம் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும். இணைய வேகம் நன்றாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்