லூத் பாலைவனத்துக் குட்டி இறால்

அன்புள்ள மாப்ளை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், அதுதான் முக்கியம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாவது என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "புது உயிரினம் கண்டுபிடிச்சாங்கன்னு பேப்பர்ல போடுறாங்க, அது புதுசுன்னு எப்படிடா தெரியும்" என்று, அதற்கு நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டி இரண்டு வாரமாக நான் படித்துக்கொண்டிருப்பதே அப்படி ஒரு குட்டி உயிரைப் பற்றித்தான், அதையே சொல்கிறேன்.

ஈரானின் தென்கிழக்கில் லூத் என்று ஒரு பாலைவனம். பரப்பு 51,800 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வரும், நம் தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள். 2005இல் செயற்கைக்கோள் அளந்தபோது அங்கே தரையின் சூடு 70.7 டிகிரி செல்சியஸ். பிறகு வந்த அளவீட்டில் அது 80ஐயும் தாண்டியது. வேலூரில் 42 டிகிரி என்று நாம் புலம்புகிறோமே அது காற்றின் சூடு, இது மண்ணின் சூடு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. ஆனாலும் அந்த மண்ணை யோசித்துப் பார். அங்கே 2017இல் ஆராய்ச்சிக்குப் போன ஒரு குழு, பாலைவனத்தின் தெற்குப் பக்கம், ஆண்டில் கொஞ்ச காலம் மட்டும் தண்ணீர் நிற்கிற ஒரு சின்ன ஏரியைப் பார்த்தது. அதில் இறால் மாதிரி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

நாம் சாப்பிடுகிற இறாலுக்கு இது தூரத்து உறவுதான். ஆங்கிலத்தில் தேவதை இறால் என்று பொருள் வரும்படி ஒரு பெயர் சொல்வார்கள். மேலே ஓடு கிடையாது, உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், பதினோரு ஜோடிக் கால்கள், மல்லாந்துதான் நீந்தும். லேபில் பிள்ளைகளுக்கு இதன் உறவான ஆர்ட்டீமியாவைப் பொரிக்கவைத்துக் காட்டினேன், அதுதான் இறால் பண்ணைக்காரர்கள் டின்னில் வாங்கிக் குஞ்சுகளுக்குக் கொடுப்பது. பழுப்புப் பொடி போல இருக்கிற முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, காற்று விட்டு, விளக்கு வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் தண்ணீர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துடிக்கும். ஒரு பெண் பெட்ரி டிஷ் மேலேயே குனிந்தபடி, மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

பாலைவனத்தில் இது எப்படிப் பிழைக்கிறது என்பதற்கும் அந்தப் பொடியில்தான் பதில். ஏரி வற்றுவதற்குள் முட்டை போட்டுவிட்டு இறால் செத்துப்போகும். முட்டை என்று சொன்னாலும் உள்ளே கரு பாதி வளர்ந்து அப்படியே நின்றுபோயிருக்கும், சுற்றிலும் கெட்டியான ஓடு. மண்ணோடு மண்ணாகக் காயும், வேகும், காற்றில் பறக்கும், பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு வேறு ஊருக்கும் போகும். பல ஆண்டுகள் கழித்து மழை பெய்தாலும் பொரிக்கும். அதிலும் ஒரு மழைக்கு எல்லாம் பொரிப்பதில்லை, ஒரு பங்கு அடுத்த மழைக்கென்று மண்ணிலேயே கிடக்கும். தண்ணீர் பாதியில் வற்றிவிட்டால் வம்சமே போய்விடுமே, அதற்குத்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வலையில் விழுந்ததைச் சாராயத்தில் போட்டுக் கொண்டுவருவார்கள். அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்துப் படம் வரைய வேண்டும். இந்த வகையில் முக்கியமாகப் பார்ப்பது ஆணின் இரண்டாம் உணர்கொம்பு. பெண்ணைப் பிடித்துக்கொள்ள அது கொக்கி போல வளர்ந்திருக்கும், அதன் வளைவும் முள்ளும் இனத்துக்கு இனம் மாறும். ஆணுறுப்பையும் முட்டை ஓட்டின் மேலுள்ள வரிகளையும் கூடப் பார்ப்பார்கள். பிறகு ஏற்கனவே பெயர் வைத்த உறவுகளை எல்லாம் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இதன் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கிற குடும்பப்பெயர் மாதிரி, ஃபாலோகிரிப்டஸ், அதில் உலகம் முழுக்க அதுவரை நாலே இனங்கள். உருவத்தைப் பார்த்தார்கள், டிஎன்ஏவையும் பார்த்தார்கள், நாலோடும் ஒத்துவரவில்லை. 2017இல் பிடித்தது, கட்டுரையாக வெளிவந்தது 2020இல். ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தின் ஹொசைன் ராஜாயி, வியன்னா அருங்காட்சியகத்தின் மார்ட்டின் ஷ்வென்ட்னர், அலெக்சாண்டர் ருடோவ் ஆகிய மூவரும் எழுதியது.

பேப்பரில் "கண்டுபிடிப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்ணில் பட்ட நாள் ஒன்று, இது வேறு என்று நிரூபித்த நாள் வேறு. நடுவில் கிடக்கிற காலம் முழுக்க ஒரு ஆள் உட்கார்ந்து கொக்கியின் வளைவைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிற காலம்.

பெயரைச் சொல்லவில்லையே. ஃபாலோகிரிப்டஸ் ஃபஹிமீ (fahimii). அந்த 2017 பயணத்தில் கூடப் போனவர் ஹாதி ஃபஹிமி என்ற ஈரானிய உயிரியலாளர். மறு ஆண்டே, 2018இல், விமான விபத்தில் இறந்துபோனார். கட்டுரை வரும்போது அவர் இல்லை. லத்தீனில் ஓர் ஆணின் பெயரை வைக்கும்போது கடைசியில் "ஐ" (i) என்ற ஆங்கில எழுத்தைச் சேர்ப்பார்கள், "அவருடைய" என்று பொருள், நம் ஆறாம் வேற்றுமை உருபு போல. ஃபஹிமி என்ற பெயரே அந்த எழுத்தில்தான் முடிகிறது, அதனால் இரண்டு "ஐ" பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எழுத்துப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன், விதியைப் படித்ததும் புரிந்தது. ஒன்று அவர் பெயருக்குச் சொந்தம், மற்றது அவருக்காகக் கூட வந்தவர்கள் சேர்த்தது. அதைப் படித்த இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை, நம் வாத்தியார் நினைவு வந்துவிட்டது.

அவருடைய அலமாரியை இந்தத் துறையில் இன்னும் வைத்திருக்கிறோம், உனக்குத் தெரியுமா? போன மாதம் துடைக்கத் திறந்தேன். குட்டிப் புட்டிகளில் சாராயம் பாதி வற்றிக் கிடக்கிறது, ஆனால் உள்ளே போட்ட சீட்டில் ஊர், குட்டை, தேதி, தண்ணீரின் சூடு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பேனாவால் எழுதினால் சாராயத்தில் கரைந்துவிடும், பென்சிலால் எழுது, வெளியே ஒட்டாதே உள்ளே போடு என்று நம்மை அவர் விரட்டியதை நினைத்துக்கொண்டேன். சீட்டு இல்லாத புட்டி ஒன்றும் இருந்தது. உள்ளே இருப்பது என்னவாக இருந்தாலும் எந்தக் குட்டையில் எடுத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நம் பக்கத்து மழைக்குட்டைகளிலும் இந்த இறாலின் உறவு உண்டு, ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் என்று பெயர். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வயலுக்குப் பின்னால் இருக்கிற குட்டை இந்நேரம் காய்ந்து வெடித்திருக்கும். நடுவில், பள்ளமான இடத்தில், மேல்மண்ணாகப் பார்த்து ஒரு கைப்பிடி எடு. ஈரமாக இருந்தால் நிழலில் காயவைத்துக் காகித உறையில் போடு, பாலித்தீன் வேண்டாம். இங்கே தொட்டியில் மழைத்தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளோடு சேர்ந்து தினமும் பார்க்கிறேன், என்ன வருகிறது என்று எழுதுகிறேன். உறைக்குள்ளே ஒரு துண்டுச் சீட்டு வை. ஊர், குட்டை, தேதி. பென்சிலால்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்