எல்லாக் கோப்பும் டைனமிக் ஆக வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குக் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே ஓடுவது யூனிவர்ஸ் தரவுத்தளம். சர்வீசுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "எல்லாக் கோப்பையும் டைனமிக் ஆக்கிவிடுங்கள், கவலை விட்டது" என்கிறார்கள். டைனமிக் என்றால் பதிவுகள் கூடக் குறைய அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் கோப்பு; ஸ்டேட்டிக் என்றால் அளவை நாமே முன்கூட்டி வைக்கும் கோப்பு. அவர்கள் சொல்வதை அப்படியே நம்பிச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பச்சை இலை எடைப் பதிவுக்கு டைனமிக்தான் சரி. மழை விட்டு வெயில் அடித்தால் இலை வந்து குவியும், பதிவும் கூடவே பெருகும். கோப்புக்குள் பதிவுகள் குழுக்கள் என்ற சிறு பகுதிகளில் இருக்கும். கோப்பு நிரம்பிய அளவு, அதாவது சுமை, 80 சதவீதத்தைத் தாண்டினால் கோப்பு தானே ஒரு குழுவைப் பிரித்துக்கொள்ளும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் சேர்த்துக்கொள்ளும். ஸ்டேட்டிக் கோப்பு அப்படி வளராது. குழு நிரம்பியதும் பதிவுகள் வழிந்து வேறு இடத்தில் உட்காரும், தேடல் இழுக்கும். அப்புறம் நாமே அளவை மாற்ற வேண்டும்.

ஆனால் விவசாயிகள் பட்டியல் வருடக்கணக்கில் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு ஸ்டேட்டிக்கே சரி. விவசாயி எண்ணின் அமைப்பைப் பார்த்து, எந்தப் பதிவு எந்தக் குழுவுக்குப் போகும் என்று முடிவுசெய்யும் 2 முதல் 18 வரையுள்ள கோப்பு வகைகளில் பொருத்தமானதை எடுத்து, குழுக்களின் எண்ணிக்கையைப் பகா எண்ணாக வைத்தால் போதும். பெரும்பாலும் ஒரே வாசிப்பில் பெயர் வந்துவிடும். தராசடியில் வரிசை நிற்கும்போது அந்த வேகம் பெரிய விஷயம்.

இன்னொன்று, ஒரே பதிவுக்குள் வருடம் முழுவதுமான எடையைத் திணித்தால் அந்தப் பதிவே குழுவில் அடங்காமல் பெருத்துவிடும்; டைனமிக்கும் காப்பாற்றாது.

— கணக்குப் பிரிவு ஊழியர், கோத்தகிரி