கல்லூரிக்கு இடம் கொடுக்கும் தீவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கரீபியன் தீவு நாடுகளின் அரசுகளுக்கு,

வணக்கம். அமெரிக்க மாணவர்களை நம்பி உங்கள் கரையில் கடை விரிக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கு உரிமம் கொடுக்கும்போது ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: புயலடித்தால் திரும்பி வருவீர்களா?

இந்தக் கேள்வியின் அருமை டொமினிகாவுக்குத் தெரியும். ராஸ் மருத்துவக் கல்லூரி அங்கே வந்தது 1978இல். நாடு சுதந்திரம் அடைந்ததும் அதே ஆண்டுதான். போர்ட்ஸ்மத் ஊரை ஒட்டிய பிக்கார்டில் மாணவர்களை நம்பி வாடகை வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தன. 2017 செப்டம்பரில் மரியா புயல். அதன்பின் செயின்ட் கிட்ஸ் துறைமுகத்தில் ஒரு கப்பலை நிறுத்தி, அதற்குள்ளேயே பாடம் நடத்தினார்கள். அப்புறம் அமெரிக்காவின் டென்னசி மாநிலம். 2019 தொடக்கத்தில் பார்படோஸ். நாற்பது வருட உறவு அத்தோடு சரி. வீட்டுக்காரர் தன் மாடியைத் தூக்கிக்கொண்டு பார்படோஸ் போக முடியுமா?

கப்பலில் நடத்த முடிகிற கல்லூரியை எங்கே வேண்டுமானாலும் நடத்தலாம். உங்கள் தீவில் நடப்பது முதல் இரண்டு வருட அடிப்படைப் பாடம்தான். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வருடங்கள் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளில் கழிகின்றன, படிப்பு முடிந்து மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சியான ரெசிடென்சியும் அங்கேதான். 1978இல் தொடங்கி மான்செராட் தீவில் நடந்த கரீபியன் அமெரிக்கப் பல்கலைக்கழகமும், அங்கே எரிமலை வெடித்த பிறகு சின்ட் மார்ட்டின் தீவுக்குப் போய்விட்டது. எரிமலையோடு யார் சண்டை போடுவது, அதை விடுங்கள்.

கிரெனடாவைப் பாருங்கள். சார்லஸ் மோடிகா நிறுவிய செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரிக்கு 1976இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. 1977 ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. 1983இல் அமெரிக்கா படையெடுத்தபோது அதிபர் ரீகன் சொன்ன காரணங்களில் ஒன்றே இந்தக் கல்லூரி மாணவர்களின் பாதுகாப்புதான். மாணவர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆனாலும் கல்லூரி திரும்பியது. 2004இல் ஐவன் புயலுக்குப் பிறகும் திரும்பியது. 1990களில் கலை அறிவியல் படிப்புகளும் கால்நடை மருத்துவமும் சேர்ந்தன. கிரெனடா பிள்ளைகளும் உள்ளே போனார்கள். கல்லூரி அங்கே வேர் பிடிக்க அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே வரிச்சலுகையைப் பற்றிப் பேசும் முன், உள்ளூர் பிள்ளைகளுக்கு எத்தனை சீட், உங்கள் அரசு மருத்துவமனைக்கு என்ன செய்வார்கள், கிளம்புவதானால் எத்தனை வருடம் முன்னதாகச் சொல்வார்கள் என்று கேளுங்கள். சொல்லாமல் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் எண்ணாலும் எழுத்தாலும் ஒப்பந்தத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவன்