ஆசீர்வாதப்பர் துறவியர், அடிசம் பங்களா, கொய்யா ஜெலி: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில், மலையகத்து அப்புத்தளையில் இருக்கும் அடிசம் துறவு மடம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படங்களுக்காகவே எடுத்து வைக்கலாம். எழுத்தில்தான் பிசகு. "கொட்டாஞ்சேனை ஆசீர்வாதப்பர் கல்லூரியை நடத்தும் அதே துறவியர்" என்று ஓரிடத்தில் வருகிறது. "கட்டிய நாள் முதல் துறவியர் வாழ்ந்துவரும் மாளிகை" என்று இன்னோரிடத்தில். கடைசியில் பெட்டி கட்டி, மடத்தார் செய்து விற்கும் கொய்யா ஜெலியின் செய்முறை, "நூறு பாகையில் இறக்கிவிடவும்" என்ற குறிப்போடு. மூன்றும் தவறு. மூன்றாவதை நம்பிக் கொழும்பில் எத்தனை வீடுகளில் போத்தல் போத்தலாகச் சீனித்தண்ணீர் நிற்கிறதோ!

கொட்டாஞ்சேனைக் கல்லூரி டிலாசால் சகோதரர்களின் கல்லூரி. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றிய சபை அது. அவர்கள் மடத்துத் துறவியர் அல்லர். அப்படியானால், மடத்துத் துறவியருக்கு ஒழுங்குநூல் எழுதிய புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பெயர் எப்படி வந்தது என்று கேட்பது நியாயம். கல்லூரி தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது 1865. அப்போது கொழும்பின் திருச்சபைப் பொறுப்பு ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரர் கிளையிடம் இருந்தது. அன்றைய ஆயர் ஹிலாரியோன் சில்லானி அந்தக் கிளைத் துறவி. புனித லூசியாள் பேராலயம் எழத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். 1883இல் கொழும்பு அமலமரித் தியாகிகள் சபையிடம் போயிற்று. கண்டி தனியாகப் பிரிக்கப்பட்டு ஆசீர்வாதப்பர் துறவியருக்குக் கொடுக்கப்பட்டது. கிளெமென்ட் பன்யானி அங்கே பொறுப்பேற்றார். பெயரைக் கொட்டாஞ்சேனையில் விட்டுவிட்டு ஆட்கள் மலையேறிவிட்டார்கள்.

இந்தச் சில்வெஸ்திரர் கிளையின் வேர் இத்தாலியில், காகிதத்துக்குப் பேர்போன ஃபப்ரியானோ நகருக்குப் பக்கத்தில் மோன்தே ஃபானோ என்ற குன்றில் இருக்கிறது. சில்வெஸ்திரர் கொட்சோலினி 1231இல் அங்கே மடம் அமைத்தார். அவர் கைக்கொண்டது, அவருக்கு 700 ஆண்டுகள் முந்திய ஆசீர்வாதப்பரின் 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூலை. அந்தக் கிளையிலிருந்து ஜோசப் பிராவி 1845இல் இலங்கை வந்தார். 1912இல் கண்டி ஆயரான பீட் பீக்மேயர் இந்தச் சபைக்காரர், இந்த மண்ணில் பிறந்தவர். அப்புத்தளை அடங்கும் பதுளை மறைமாவட்டம் 1972இல் பிரிந்தபோது அதன் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்காரவும் இதே சபை. அவர்கள் நடத்திய கல்லூரியைத்தான் சொல்ல வேண்டுமென்றால் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியைச் சொல்லியிருக்கலாம். 1854இல் கண்டி நகரில் தொடங்கி, 1920களின் கடைசியில் மகாவலிக் கரையில் கட்டுகஸ்தோட்டைக்குப் பெயர்ந்தது. முத்தையா முரளிதரன் படித்த கல்லூரி என்றால் வாசகர்களுக்கு உடனே விளங்கும்.

அடிசம் கதை வேறு. அது துரை பங்களா. தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயத் துரை, தான் வளர்ந்த கென்ட் மாவட்டத்து ஊரின் பெயரை வைத்து 1931இல் கட்டியது. கருங்கல் சுவரும் கூரான கூரை முகப்பும் அதனால்தான். கோயில் கட்டடக் கலையோடு அவற்றுக்கு ஒரு தொடர்பும் இல்லை. 1961இல்தான் அது திருச்சபையின் கைக்கு வந்து ஆசீர்வாதப்பர் சபையின் நவதுறவியர், அதாவது துறவுப் பயிற்சியின் தொடக்கத்தில் இருப்பவர்கள், தங்கும் இல்லமாயிற்று. "நாட்டின் ஒரே ஆச்சிரமம்" என்று படத்தின் கீழ் போட்டதையும் எடுத்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செபமாலைத் தாசர் ஆச்சிரமம் 1928இல் எழுந்தது. கொழும்புத் தமிழ் வீடுகளில் தோலகட்டி நெல்லிரசம் தெரியாதவர்கள் குறைவு. கடல் கடந்தால், குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் 1950இல் தொடங்கிய சாந்திவனம், பின்னாளில் ஆசீர்வாதப்பர் ஒழுங்கின் கமல்தோலிக் கிளையில் சேர்ந்தது.

இவையெல்லாம் ஆண்டுக் கணக்கு, திருத்தினால் முடிந்தது. கட்டுரையில் உறுத்துவது வேறொரு வரி: "இளம் துறவிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை." அது அகம்பாவம் அல்ல, சட்டம். ஒழுங்குநூலின் 53ஆம் அதிகாரம் வரும் விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. அதே அதிகாரம், விருந்தினரோடு பேசும் பொறுப்பு இல்லாதவன் எதிர்ப்பட்டால் பணிவாக வணங்கி, ஆசி கேட்டு, பேச அனுமதியில்லை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகவும் சொல்கிறது. பேசுவதற்கென்று ஆள் தனியாக இருப்பார். வாசலுக்கும் ஒருவர்; 66ஆம் அதிகாரம் அவரை விவேகமுள்ள, அங்குமிங்கும் அலையாத வயதானவராகப் பார்த்து வைக்கச் சொல்கிறது. விருந்தினர் சமையலறையைத் தனியே வைக்கச் சொல்வதும் அந்த 53ஆம் அதிகாரம்தான். காரணம், விருந்தினர் நேரம் பார்த்து வருவதில்லை, மடத்தில் அவர்கள் இல்லாத நாளும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் எழுதியது; போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினத்தில் அப்புத்தளை வீதியில் நிற்கும் வான் வரிசையைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

நவதுறவு என்பது விடுதி வாழ்க்கை அல்ல. திருச்சபைச் சட்டப்படி குறைந்தது 12 மாதம் அந்த இல்லத்திலேயே இருக்க வேண்டும். தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நவதுறவு செல்லாது. 15 நாளுக்கு மேற்பட்டால் அத்தனை நாளையும் ஈடுசெய்ய வேண்டும். அந்த ஓராண்டில் ஒழுங்குநூலைப் படிக்கிறார்கள், சங்கீதங்களைப் பாடப் பழகுகிறார்கள், தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். முடிவில் கொடுக்கும் வார்த்தைப்பாட்டில் கீழ்ப்படிதலோடும் வாழ்க்கை மாற்றத்தோடும் "நிலைத்திருத்தல்" என்று ஒன்று உண்டு. பங்குத்தந்தை ஐந்தாறு வருடத்தில் மாறிப்போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பிடிபடுவது கடினம். எந்தச் சமூகத்தில் சேர்ந்தாரோ அந்தச் சமூகத்தோடு, அதில் பிடிக்காதவர்களோடும் சேர்த்து, சாகும்வரை இருப்பது.

நாளின் முதுகெலும்பு மணி. ஒழுங்குநூல் பகலில் ஏழு தரமும் இரவில் ஒரு தரமுமாகச் செபம் வகுத்து, 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. இன்று பல மடங்கள் அதை இரண்டு வாரத்துக்குப் பரப்பிவிட்டன. விடியற்காலையும் மாலையும் கட்டாயம். மற்றவை வேலைக்கேற்ப ஒன்றாகச் சேரும். மணி அடித்தால் கையில் இருக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது 43ஆம் அதிகாரம். அடுப்பில் ஜாம் கொதித்துக்கொண்டிருக்கும் மடத்தில் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். செப மணிக்கு முன்னால் முடிக்க முடியாத கொதியை ஏற்றவே கூடாது. பானை சிறிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"துறவியருக்கு ஏன் வியாபாரம்?" என்று கட்டுரையாளர் கேட்கிறார். உழைப்பு பற்றிய 48ஆம் அதிகாரம், தங்கள் கைகளின் உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் உண்மையான துறவிகள் என்கிறது. 57ஆம் அதிகாரம் விற்பனைக்கே ஒரு விதி வைக்கிறது: பேராசை நுழைந்துவிடாமல், வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். வரும் பணம் விற்றவர் பைக்குப் போகாது. தனிச்சொத்து கூடாது என்பது 33ஆம் அதிகாரம். எழுதுகோல்கூடச் சொந்தமில்லை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கணக்கெல்லாம் பொருளரிடம். மண்வெட்டியையும் சட்டியையும் பலிபீடத்துப் பாத்திரம் போலக் கவனிக்க வேண்டும் என்பது அந்தப் பொருளருக்கு இடப்பட்ட கட்டளை. போத்தலைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இதை அறிந்தோ அறியாமலோ சரியாகவே செய்கிறார்கள்.

கட்டுரையில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத இடம், "மடமும் விடுதிப் பாடசாலையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதே பிள்ளைகளுக்குப் பொற்காலம்" என்ற வரி. ஒழுங்குநூலில் பாடசாலைக்கென்று ஓர் அதிகாரம்கூட இல்லை. பெற்றோர் மடத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள், அவ்வளவுதான். 15 வயதுவரை அவர்களை எல்லாரும் கவனிக்க வேண்டும், அதுவும் அளவோடு, அறிவோடு என்று 70ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. பாடசாலை பிறகு வந்து ஒட்டியது. ஒட்டிய இடத்தில் உராய்வும் வந்தது. மதியச் செபம் இடைவேளைக்கு முந்திய பாடத்தில் விழும். மாலைச் செபம் கிரிக்கெட் பயிற்சியில் விழும். இராச் செபம் விடுதிப் பிள்ளைகளின் படிப்பு நேரத்தில் விழும். விடுதிப் பொறுப்பாளரான துறவி இரவு 11 மணிக்கு நோயாளிப் பிள்ளையின் பக்கத்தில் இருந்துவிட்டு விடியுமுன் பாடகர் இருக்கைக்கு வர முடியாது. முதலில் அவருக்கு விதிவிலக்கு, பிறகு கணித ஆசிரியருக்கு, பிறகு விளையாட்டுக்குப் பொறுப்பானவருக்கு. சில வருடங்களில் செபத்தில் நிற்பது முதியவர்கள் மட்டும். வகுப்பறை நிரம்ப நிரம்ப மடம் காலியாகும்.

ஆபத்து அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஆசீர்வாதப்பர் துறவியரின் இரண்டு பெரிய மடப் பாடசாலைகள் ஆம்பிள்ஃபோர்த், டவுன்சைட். முன்னது 1802இலும் பின்னது 1814இலும் அந்தந்த இடங்களில் குடியேறியவை. அங்கே பிள்ளைகளுக்கு நடந்த துஷ்பிரயோகங்களைப் பற்றி அரசு அமைத்த சுயாதீன விசாரணை 2018இல் அறிக்கை வெளியிட்டது. மடத்தின் பெயரைக் காப்பது பிள்ளையைக் காப்பதற்கு முன்னால் வந்துவிட்டதை அது விரிவாகக் காட்டியது. மடத்தலைவரே பாடசாலைக்கும் மேலாளர் என்றால், முறைப்பாடு போகும் கதவும் குற்றம்சாட்டப்பட்டவரின் வீட்டுக் கதவும் ஒன்றாகிவிடும். டவுன்சைட்டில் பாடசாலை நிர்வாகம் மடத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2022இல் துறவியர் அந்த இடத்தைவிட்டே போய்விட்டார்கள், பாடசாலை நடக்கிறது. பொற்காலம் என்று எழுதுமுன் இதையும் எழுதியிருக்க வேண்டும். எந்த நாட்டுப் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முறைப்பாடு யாரிடம் போகும், அவர் அந்த மடத்தைச் சேராதவரா?

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிசம் பொதுமக்களுக்குத் திறப்பது வழக்கமாகச் சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை நாட்களில். மற்ற நாளில் போய்க் கதவைத் தட்டி, அதற்குப் பிறகு சமூக ஊடகத்தில் திட்டுவதில் அர்த்தமில்லை. செபக்கூடம் செபக்கூடமாகவே இருக்கட்டும், அங்கே வேறெதுவும் செய்யவோ வைக்கவோ கூடாது என்கிறது 52ஆம் அதிகாரம். திருமணப் படப்பிடிப்புக்காரர்கள் இதைக் கமராப் பையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

இனி ஜெலி. "நூறு பாகை" என்பது அப்புத்தளையில் சரி, கொழும்பில் பிழை. ஜெலி இறுகப் பழத்தின் இறுக்கும் சத்தோடு சீனியின் அடர்த்தியும் வேண்டும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் நாலரைப் பாகை ஏறும்போது அந்த அடர்த்தி வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் அங்கே நூறில் இறக்கலாம். கொழும்பில் 104 முதல் 105. நூறு பாகையில் இங்கே சீனி கலந்த சாறு கொதிக்கவே தொடங்கியிராது. மறுபுறம், கொழும்புக் கணக்கைப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய் 105 வரை காய்ச்சினால் தோல் போல இழுபட்டு, நாலு நாளில் சீனி கல்லுக் கட்டும். எந்த ஊரானாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு நாலரையைக் கூட்டுங்கள். வெப்பமானியின் பிழையும் அதிலேயே கழிந்துவிடும்.

பெட்டிச் செய்தி விட்டுவிட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழம் கனிந்து குழைந்ததாக இருக்கக் கூடாது. பாதி செங்காயாக இருந்தால்தான் இறுக்கும் சத்து இருக்கும். விதையோடு வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் மெல்லிய நெருப்பில் வேகவிட்டு, பழைய வேட்டித் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும், பிறகு தெளியாது. ஒரு கோப்பைச் சாறுக்கு முக்கால் கோப்பைச் சீனி, இரண்டு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி. ஒரு தரத்தில் நாலு கோப்பைக்கு மேல் ஏற்ற வேண்டாம்; வாயகன்ற சட்டியில் வேகமாகக் கொதிக்க வேண்டும். நேரம் நீண்டால் நிறம் கறுக்கும், இறுக்கும் சத்தும் கெடும். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளிப் பார்க்கலாம்; மேல்தோல் சுருங்கினால் இறக்குங்கள். கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்த போத்தலில் சூட்டோடு கழுத்துவரை ஊற்றி மூட வேண்டும். கொழும்பு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் திறந்த பிறகு, ஈரக் கரண்டி போடுவதால்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர்,
கொழும்பு 13.