மின் பணிமனைக்கு முதலில் எர்த், பிறகு மெஷின்

அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதில் மின் பிரிவு நடக்கும் பள்ளிகளுக்காக இதை எழுதுகிறோம். பணிமனைக்கு உதவ வருகிறவர்கள் "என்ன மெஷின் வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். மெஷின் இருக்கட்டும். முதலில் எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பு), அடுத்து ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), அதற்கடுத்து ஒயர். இந்த வரிசையில் செய்துகொடுங்கள்.

எர்த் நன்றாக இருக்கிறது என்று காட்ட, 100 வாட் குண்டு பல்பை, மின்சாரம் வரும் கம்பியான பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்து எரியவிடுவது பழைய வழக்கம். அதை நம்பாதீர்கள். அந்த பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் மின்தடை 20 ஓம் இருந்தாலும் அதில் இழப்பு ஒன்பது வோல்ட் அளவுதான். பல்பு பளிச்சென்றே எரியும். அதே 20 ஓமில், கிரைண்டரின் இரும்பு உடலில் பேஸ் பட்டால் பாய்வது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இதற்கு அசையவே அசையாது. மெஷின் உடல் முழுக்க மின்சாரத்தோடு நிற்கும். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அதுவும் மே மாதக் கடைசியில். எர்த்துக்காக மண்ணில் புதைத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சுற்றிப் போட்ட கரியும் உப்பும் காய்ந்துகிடக்கும் நேரம் அது. ஐப்பசி மழையில் எடுத்த அளவு யாருக்கும் உதவாது.

ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் வகையாக இருக்க வேண்டும். அது ஓவர்லோடைப் பார்க்காது; ஆகவே எம்.சி.பி.யும் தனியாக வேண்டும். "மாட்டினால் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது" என்று சொல்லி நேரடியாக இணைத்துவிடுவார்கள். பெரும்பாலும் பழுது ஆர்.சி.சி.பி.யில் இல்லை. பக்கத்து அறையின் நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பும் கம்பியை, பணிமனை நியூட்ரலோடு யாரோ சேர்த்து முறுக்கியிருப்பார்கள். ஆர்.சி.சி.பி. வழியாகப் போன மின்சாரம் முழுவதும் அதன் வழியாகவே திரும்பாவிட்டால் அது விழத்தான் செய்யும். நியூட்ரலைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும். உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துச் செய்யுங்கள். பள்ளிக் கட்டட ஒயரிங்கில் மாணவர் கை வைக்கக் கூடாது.

ஒயருக்கு ஆகும் செலவு சின்னது. மாடிப்படி ஒயரிங் (ஒரே விளக்கை இரண்டு இடத்து சுவிட்சால் போட்டு அணைப்பது) பயிற்சிக்கு ஒரு பலகைக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் எட்டு மீட்டர் போதும். இருவருக்கு ஒரு பலகை என்றால் இருபது பேருக்கு 90 மீட்டர் சுருள் ஒன்று. கூடவே இருவழி சுவிட்ச் இருபது, ஹோல்டர் பத்து, ஒயர் ஸ்ட்ரிப்பர் ஐந்து. ஒயரின் மேலுறையை உரிக்கும் இந்த ஸ்ட்ரிப்பரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பிளேடால் சீவினால் செம்பில் கீறல் விழும். அடுத்த முறை மடக்கும்போது அங்கேயே ஒடியும். ஒரு சுருளை மூன்று நான்கு முறை பயன்படுத்த முடியாமல் போவது இதனால்தான்.

இந்தப் பயிற்சியை மின்சாரம் கொடுக்காமல் படம் வரைந்து முடித்துவிடும் பள்ளிகளும் உண்டு. அப்படிப் படிப்பவருக்கு ஒரு முக்கியமான தவறு பிடிபடாது. இரண்டு சுவிட்சுக்கும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கொண்டுபோய், பொது முனைகளுக்கு நடுவே விளக்கை மாட்டினாலும் அது ஒழுங்காக எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும் ஒரு நிலையில் ஹோல்டரின் இரண்டு பின்னிலும் பேஸ் நிற்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பல்பு எரிந்தவுடன் மதிப்பெண் போடுகிற செய்முறைத் தேர்வில் இது தப்பிவிடுகிறது.

வகுப்பறையில் மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேன்களையும் தூக்கிப் போடாமல் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள். பாதிக்கு மேல் கெபாசிட்டர் கோளாறாகத்தான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. பழையதில் 2.5 அல்லது 3.15 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். அதே அளவை வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் சர்க்யூட்டால் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் வேறு வகை. அதைத் தனியாக வையுங்கள்.

ஜூன் மாதக் குழுக் கூட்டத்திலேயே ஒயருக்கும் சுவிட்சுக்கும் தொகை ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். ஜனவரியில் வாங்கினால் செய்முறைத் தேர்வுக்கு மட்டும்தான் ஆகும்.

இப்படிக்கு,
தொழிற்கல்வி மின் பிரிவு ஆசிரியர்கள் சிலர்