காப்பீட்டுக் கோப்பு வார்டிலேயே மூடப்படுவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சர்க்கரை நோயால் புண் ஆறாமல் காலை எடுக்க நேரிட்டால், அறுவை சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. டிஸ்சார்ஜ் ஆனதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த நோயாளிக்கு அலைச்சல் தொடங்குவதே அன்றுதான். மாற்றுத்திறனாளி சான்றுக்கு ஓர் இடம், செயற்கைக் காலுக்கு இன்னோர் இடம், உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகம்.

அங்கெல்லாம் கேட்கும் தாள்கள் ஏற்கெனவே காப்பீட்டுக் கோப்பில் இருக்கின்றன: ஆதார், குடும்ப அட்டை, அறுவை சிகிச்சைக் குறிப்பு. அரசு மருத்துவமனை என்றால் சான்று தரும் எலும்பு மருத்துவரும் பெரும்பாலும் அதே வளாகத்தில்தான் இருப்பார். முழங்காலுக்குக் கீழே கால் போனாலே, மாற்றுத்திறனாளி சலுகைகளுக்கான 40 சதவீத ஊன வரம்பு தாண்டிவிடும். இது நிரந்தர இழப்பு. மதிப்பீட்டுக்குக் காத்திருக்கக் காரணமே இல்லை. பின்னால் இன்னும் மேலே எடுக்க நேர்ந்தால் சதவீதத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே, வார்டில் இருக்கும்போதே மதிப்பீட்டை முடித்துவிட வேண்டும். விரல் மட்டும் இழந்தவருக்கு இந்த வரம்பு எட்டாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், வீண் அலைச்சல் மிச்சம்.

விண்ணப்பங்கள் தடைபடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல். டிஸ்சார்ஜ் சம்மரியில் சுருக்கெழுத்து மட்டும் இருக்கும். வலது காலா, இடது காலா, முழங்காலுக்கு மேலா, கீழா என்று தெளிவாக இருக்காது. ஓடிபி போகும் செல்போன் எண் மகனுடையது. அவர் திருப்பூரில் வேலையில் இருப்பார். இவற்றைக் கட்டிலருகிலேயே பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

தாமதத்தின் விலையை நோயாளியின் உடம்பே கொடுக்கிறது. வலி தெரியாமல் இருக்கட்டும் என்று வீட்டார் பாசத்தோடு முழங்காலுக்கடியில் தலையணை வைக்கிறார்கள். வாரக்கணக்கில் மடங்கியே இருந்தால் மூட்டு இறுகி, நீட்ட வராது. பிறகு செயற்கைக் கால் கிடைத்தாலும் மாட்டி நடக்க முடியாது. காலை நீட்டியே வைக்க வேண்டும்; காயம் ஆறியதும் மருத்துவர் சொன்னபடி எலாஸ்டிக் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் சுற்ற வேண்டும். வீக்கம் வடிந்து, எடுத்த காலின் மிச்ச முனை ஒடுங்கினால்தான் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க முடியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்டுகள் 2021 முதலே இருக்கிறார்கள். இன்னார் இந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறார் என்ற தகவல் அவர்களுக்குப் போக வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே.

எங்கள் கோரிக்கை இதுதான். கிளைம் கோப்போடு 'அடுத்த சேவைகள்' என்று ஒரு பக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும். மதிப்பீடு முடிந்த தேதி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்ப எண், தகவல் பெற்ற பிசியோதெரபிஸ்ட், நோயாளியின் ஒப்புதல் கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லாமல் பணம் வராது என்றால், எந்த மருத்துவமனையும் அதை மறக்காது. வெறும் சுற்றறிக்கை போதாது.

எல்லா நோய்க்கும் ஒரே பாதை பொருந்தாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. அதனால் டயாலிசிஸ் நோயாளியை மாற்றுத்திறனாளி சான்றுக்கு அனுப்புவது அவரை அலைக்கழிப்பதாகும். டயாலிசிஸுக்காக ரயிலில் போகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஸ்லீப்பர் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தை டயாலிசிஸ் பிரிவிலேயே நிரப்பிக் கையில் கொடுக்கலாம்.

மருத்துவ சமூகப்பணியாளர்கள்,
மதுரை